தொடர்கதை மன்னர் கல்கி

நீண்ட கதைகளைப் படிக்கலாமா, கூடாதா? இது நம் வீடுகளில் பல தலைமுறையாக நடந்துவரும் வழக்கு. பாடப் புத்தகத்திற்குள் கதைப் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படிக்கும் மகள் ஒரு பக்கம். ஐந்து பாகம் படிக்கும் நேரத்தில் ஐந்து பாடம் படித்து முடிக்கலாமே என்று வருந்தும் தாய் மறுபக்கம். இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் முன், தமிழில் நெடுங்கதைகளை எழுதிக் குவித்த ஒருவருடைய வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அவர்தாம் கல்கி என்ற ரா. கிருஷ்ணமூர்த்தி.

கிருஷ்ணமூர்த்தி 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை இராமசாமி ஐயர் கிராமக் கணக்குப்பிள்ளை. தாயார் தையல்நாயகி. வசதி மிகுந்த குடும்பம் அன்று. ஊர்த் திண்ணைகளும் காவிரியின் கால்வாய்களும் அவருடைய இளமையோடு கலந்தவை. பிற்காலத்தில் அவர் சோழநாட்டு வயலையும் வாய்க்காலையும் வருணிக்கும்போது படிப்பவரின் காலில் ஈரம் படுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

உள்ளூர்ப் பள்ளியிலும் மாயவரத்திலும் படித்தபின், உயர்நிலைக் கல்விக்காகத் திருச்சிராப்பள்ளி சென்றார். படிப்பில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தார். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தன. அப்போது, 1921இல், மகாத்மா காந்தி ஒத்துழையாமைக்கு அழைப்பு விடுத்தார். மாணவர் கிருஷ்ணமூர்த்தி தேர்வையும் சான்றிதழையும் விட்டுவிட்டு வெளியே வந்தார். குடும்பத்திற்கு நம்பிக்கையாக இருந்த பிள்ளை இப்படிச் செய்தது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பதை நம் பெற்றோர் நன்கு உணர்வார்கள். ஆனால் அவர் பள்ளியை விட்டது சோம்பலாலும் அன்று, கதைப் பித்தாலும் அன்று. நாட்டுக்காக விட்டார், அதற்குரிய விலையையும் கொடுத்தார். மேடையில் பேசியதற்காக ஓராண்டு சிறைவாசம் கிடைத்தது.

விடுதலைக்குப் பின் 1923இல் திரு.வி.க. ஆசிரியராக இருந்த 'நவசக்தி' இதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். எளிய தமிழில், படிப்பவரைச் சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் நடை அங்கேதான் உருவாகத் தொடங்கியது. 1928இல் அங்கிருந்து விலகித் திருச்செங்கோட்டில் உள்ள காந்தி ஆசிரமத்திற்குச் சென்றார். அங்கு இராஜாஜி நடத்திய 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழுக்குத் துணை நின்றார். மறுபடியும் போராட்டம், மறுபடியும் ஆறு மாதச் சிறை.

பின்னர் எஸ்.எஸ். வாசன் நடத்திய 'ஆனந்த விகட'னில் ஆசிரியப் பொறுப்பேற்றார். கல்கி என்ற புனைபெயர் தமிழ்நாடு முழுவதும் பரவியது அந்த ஆண்டுகளில்தான். 'கர்நாடகம்' என்ற வேறொரு பெயரில் இசையையும் நாட்டியத்தையும் விமரிசனம் செய்தார். 'கள்வனின் காதலி', 'தியாகபூமி' ஆகிய தொடர்கதைகள் வெளிவந்தன. 'தியாகபூமி' 1939இல் திரைப்படமாகவும் வந்து, ஆங்கில அரசின் தடையையும் பெற்றது. நல்ல பதவி, நல்ல ஊதியம், நிறைந்த புகழ். வேறொருவராயின் அங்கேயே அமர்ந்துவிட்டிருப்பார். கல்கியோ 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொள்வதற்காக அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். மூன்று மாதம் சிறை. வெளியே வந்தபோது கையில் வேலை இல்லை.

நண்பர் டி. சதாசிவம் துணை நின்றார். இருவரும் சேர்ந்து அதே 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'கல்கி' வார இதழைத் தொடங்கினர். பணத்திற்கு வழி செய்தவர் ஒரு பெண்மணி. சதாசிவத்தின் மனைவியான இசைமேதை எம்.எஸ். சுப்புலட்சுமி, 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடமேற்று நடித்து, அதில் கிடைத்த ஊதியத்தை இதழுக்குக் கொடுத்தார். இதழைத் தொடங்கிவிடலாம், நிலைக்கச் செய்வது எப்படி? வாரந்தோறும் வாசகர் தாமே வந்து கேட்டு வாங்கும்படி ஒன்று இருக்க வேண்டும். அதுதான் தொடர்கதை.

தொடர்கதை என்பது தமிழர் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836 முதல் தம் நாவல்களை மாதப் பகுதிகளாகவும் வாரப் பகுதிகளாகவும் வெளியிட்டார். பிரான்சில் அலெக்சாந்தர் தூமா 1844இல் மூன்று வீரர்களின் கதையை நாளிதழில் தொடராக எழுதினார். இவர்களைப்போல எழுதும் கலையைத் தமிழ் மண்ணுக்கும் தமிழ் வரலாற்றுக்கும் ஏற்றபடி வளர்த்தவர் கல்கி. இதழ் வரும் நாளில் வீட்டில் யார் முதலில் படிப்பது என்று போட்டி நடக்கும். எழுத்தறியாத பாட்டிக்குப் பேத்தி உரக்கப் படித்துக் காட்டுவாள். வாரந்தோறும் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்துவைத்த குடும்பங்கள் ஏராளம். ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு கூடிய அந்தப் பழைய கட்டடப் புத்தகங்கள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கக்கூடும்.

முதலில் வந்தது 'பார்த்திபன் கனவு', 1941 முதல் 1943 வரை. அடுத்து 'சிவகாமியின் சபதம்', 1944 முதல் 1946 வரை. மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாருடன் அமர்ந்திருந்த ஒரு வேளையில் அந்தச் சிற்பங்கள் கல்கியின் மனத்தில் எழுப்பிய எண்ணங்களே, பல ஆண்டுகள் கழித்துச் சிவகாமியின் கதையாக வளர்ந்தன. நாடு விடுதலை பெற்றபின் 'அலை ஓசை' எழுதினார். 1950 அக்டோபர் 29ஆம் நாள் இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. 1954 மே மாதம்வரை, மூன்றரை ஆண்டுகள், வாரம் தவறாமல் நடந்தது.

அதே 1950 அக்டோபரில் இங்கிலாந்திலும் ஒரு நெடுங்கதை பிறந்தது வியப்புக்குரியது. சி.எஸ். லூயிஸ் எழுதிய 'நார்னியா' கதைகளில் முதல் நூல் அம்மாதந்தான் வெளிவந்தது. ஓர் அலமாரியைத் திறந்து மாயநாட்டுக்குள் நுழையும் நான்கு குழந்தைகளின் கதை அது. 'பொன்னியின் செல்வன்' முடிந்த இரண்டு மாதத்தில், 1954 ஜூலையில், டோல்கீனின் மோதிர மாயக்கதையின் முதற்பகுதி வந்தது. மேலைநாட்டார் இல்லாத நாடுகளைப் படைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கல்கி இருந்து மறைந்த ஒரு நாட்டை எழுப்பிக்கொண்டிருந்தார். மாயக்கதையில் கிடைக்கும் விந்தை அனைத்தும் இங்கும் உண்டு. சுரங்கப் பாதை, வால்நட்சத்திரம், மந்திரவாதி, கடற்புயல் எதற்கும் குறைவில்லை. ஆனால் கதை நடக்கும் ஊருக்கு நாம் பேருந்தில் போகலாம்!

இனி, எங்கே தொடங்குவது? இந்தக் கேள்வி எல்லா நெடுங்கதைகளுக்கும் உண்டு. 'நார்னியா' வரிசையில் காலத்தால் முந்திய நிகழ்ச்சிகளைச் சொல்லும் நூல் 1955இல், ஆறாவதாகத்தான் வந்தது. அதை முதலில் படிப்பதா, எழுதிய வரிசையில் படிப்பதா என்று அந்நாட்டு வாசகர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். கல்கியிடமும் அதே சிக்கல் இருக்கிறது. 'சிவகாமியின் சபத'த்தில் இளைஞராக வரும் நரசிம்மவர்ம பல்லவர், அதற்கு முன்பே எழுதப்பட்ட 'பார்த்திபன் கனவி'ல் வயது வந்த மகளின் தந்தை. கதை நடந்த காலத்தைப் பார்த்தால் சிவகாமி முந்தியவள்; எழுதிய வரிசையைப் பார்த்தால் பிந்தியவள்.

எழுதிய வரிசையிலேயே படிப்பதுதான் நல்லது. முதலில் 'பார்த்திபன் கனவு'. மூன்று பாகமானாலும் அளவில் சிறியது. ஒரு கோடை விடுமுறைக்குள் முடிந்துவிடும். அதில் ஒரு சிவனடியார் வருகிறார். அவர் யார் என்ற மர்மம் கடைசிவரை நம்மை இழுத்துச்செல்லும். சிவகாமியின் கதையை முதலில் படித்து நரசிம்மவர்மரின் இயல்பை அறிந்துகொண்டவர்களுக்கு அந்த மர்மத்தின் சுவை பாதி குறைந்துவிடும். 'பார்த்திபன் கன'வை முதலில் படிப்பதால் பல்லவர் வாதாபியை வென்ற செய்தி முன்பே தெரிந்துவிடுமே என்று கேட்கலாம். அந்த வெற்றி கி.பி. 642இல் நடந்தது, வரலாற்றுப் பாடத்திலேயே இருக்கிறது. அதனால் நட்டம் ஒன்றுமில்லை. இரண்டாவது, நான்கு பாகம் கொண்ட 'சிவகாமியின் சபதம்'. இது சோகம் கலந்தது. சற்று வளர்ந்த மனம் வேண்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பது பொருந்தும்.

மூன்றாவது 'பொன்னியின் செல்வன்'. ஐந்து பாகம், 293 அத்தியாயம். எண்ணிக்கையைக் கேட்டு மலைக்க வேண்டாம். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதம், ஏறக்குறைய ஒரு பள்ளி ஆண்டு. வீட்டுப்பாடம் முடித்தபின் கால்மணி, அரைமணி நேரம் போதும். அந்நாள் வாசகர்கள் மூன்றரை ஆண்டு காத்திருந்து படித்ததை நினைத்தால் இது சிறிய பொறுமைதானே? ஒரே மூச்சில் இரவெல்லாம் விழித்துப் படிப்பதைவிட இப்படிப் படிப்பது கதைக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. பெற்றோரின் வழக்கும் பாதி தீர்ந்துவிடும்.

கதை ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் என்னும் வாணர்குல வீரன் குதிரையில் வருவதோடு தொடங்குகிறது. காட்டுமன்னார்கோவில் அருகே உள்ள அந்த ஏரியைத்தான் இன்று வீராணம் என்கிறோம். 2004 முதல் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேலாகக் குழாயில் வந்து சென்னையின் தாகத்தைத் தணிக்கிறது அந்த நீர். முதற் பராந்தக சோழன் காலத்து ஏரி ஆயிரம் ஆண்டு கழித்தும் ஊருக்கு உதவுகிறது. நம் மேற்கு மாம்பலத்திலும் ஓர் ஏரி இருந்தது. தியாகராய நகரை அமைப்பதற்காக 1920களில் அது தூர்க்கப்பட்டுவிட்டது. லேக் வியூ ரோடு என்ற தெருப்பெயர் மட்டும் அதை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. ஏரியைக் காத்தவர்களைப் பற்றிப் படிக்கும்போது ஏரியை இழந்த ஊரில் வாழும் நமக்குச் சிறிது சிந்தனை உண்டாகும்.

கல்கியின் கதைகளில் குறையே இல்லை என்று கூறுவது சரியாகாது. வாரந்தோறும் வாசகரை ஆவலோடு நிறுத்திவைக்க வேண்டியிருந்ததால், ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு திடுக்கிடும் திருப்பம் வரும். வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆள் வந்து நிற்பார். மறந்துபோயிருக்கக்கூடிய செய்திகள் மீண்டும் சொல்லப்படும். புத்தகமாகத் தொடர்ந்து படிக்கும்போது இவை சற்று அலுப்பூட்டலாம். அத்தகைய இடங்களை வேகமாகக் கடந்து செல்வதில் பிழையில்லை. முதற் பாகத்தில் பாதிவரை படித்தும் மனம் ஒட்டவில்லையானால், எடுத்துவைத்துவிட்டு இரண்டாண்டு கழித்துப் பார்க்கலாம்.

மற்றொரு எச்சரிக்கையும் தேவை. கதை வேறு, வரலாறு வேறு. குந்தவைப் பிராட்டியார் வரலாற்றில் வாழ்ந்தவர். வல்லவரையர் வந்தியத்தேவரின் மனைவி என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. ஆனால் நந்தினியும், படகோட்டும் பூங்குழலியும், ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனை. நீலகண்ட சாஸ்திரியாரும் சதாசிவ பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகளைக் கற்று, கதை நடக்கும் ஊர்களுக்கு ஓவியர் மணியத்தோடு சென்று, இலங்கைக்கும் போய்வந்து, அதன் பிறகே அவர் கற்பனைக்கு இடம் கொடுத்தார். படித்து முடித்த மாணவி, எது கல்வெட்டு, எது கற்பனை என்று தேடிப் பார்த்தாளானால் அவளுக்கு வரலாற்றுப் பாடத்தில் தனியாக ஊக்கம் தேவைப்படாது.

இவ்வளவு நேரம் செலவிட்டுப் படிப்பதால் என்ன பயன்? தமிழறிவு வளரும், வரலாற்று ஆர்வம் பெருகும் என்பவை உண்மைதான். ஆனால் அதற்கு மேலும் ஒன்று உண்டு. 'பொன்னியின் செல்வ'னின் ஐந்தாம் பாகத்திற்குத் 'தியாக சிகரம்' என்று பெயர். அத்தனை சூழ்ச்சிகளும் பயணங்களும் ஒரு மணிமகுடத்தைச் சுற்றியே நடக்கின்றன. அருள்மொழிவர்மனுக்கு அந்த மகுடம் கிடைக்க வேண்டுமென்று படிப்பவர் மனம் நான்கு பாகமாக ஏங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் அவன் அதைத் தன் சிற்றப்பன் உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுக்கிறான். கதையின் உச்சி ஒரு போர் வெற்றியன்று, ஒரு விட்டுக்கொடுத்தல். இதே செய்தி வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே வரியில் இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்தால் தெரிந்துகொள்வோம். ஓராண்டு உடன் நடந்துவந்தால்தான், விடுவது எவ்வளவு கடினம் என்பதை உணர்வோம். நெடுங்கதை நெடிதாக இருப்பதன் நியாயம் இதுதான்.

இந்தச் சிகரத்தை எழுதியவர் அதை வெறும் கற்பனையாக எழுதவில்லை. இருபத்தொரு வயதில் சான்றிதழை விட்டவர். நாற்பத்தொரு வயதில் பதவியை விட்டவர். விடுவதன் வலியும் அதன் பின் வரும் நிறைவும் அவருக்குத் தெரிந்திருந்தன.

இந்தக் கதைகளில் பெண்கள் வெறும் அலங்காரப் பொம்மைகள் அல்லர் என்பதும் நாம் கருதத்தக்கது. குந்தவை அரசியல் அறிந்தவர். வரலாற்றிலும் அவர் தம் தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் ஆதுலசாலை என்னும் மருத்துவமனைக்குக் கொடை அளித்தவர். செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கிய பேரரசியார். பூங்குழலி கொந்தளிக்கும் கடலில் தனியாகப் படகு செலுத்துகிறாள். சிவகாமியின் கலையோ இரண்டு பேரரசுகளின் போராட்டத்திற்கு நடுவில் நிற்கிறது.

எழுத்தோடு பொதுத் தொண்டும் கல்கியின் வாழ்வில் இணைந்தே சென்றது. எட்டயபுரத்தில் பாரதியாருக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் நிதி திரட்டி, 1947இல் அதை நிறைவேற்றினார். ஆனால் ஓய்வில்லாத உழைப்பு உடலைத் தின்றது. காசநோய் அவரை வாட்டியது. 'பொன்னியின் செல்வன்' முடிந்து ஏழு மாதங்கூட ஆகவில்லை. 1954 டிசம்பர் 5ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில், கல்கி மறைந்தார். 'அலை ஓசை'க்கு 1956இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தபோது அதைப் பெற அவர் இல்லை.

அவர் மறைந்தபோது 'அமரதாரா' என்ற தொடர்கதை பாதியில் நின்றிருந்தது. வாரந்தோறும் காத்திருந்த வாசகர்களுக்கு யார் விடை சொல்வது? தந்தையின் குறிப்புகளைத் துணையாகக் கொண்டு அந்தக் கதையை எழுதி முடித்தவர் அவருடைய மகள் ஆனந்தி. தந்தையை இழந்த துயரத்தோடு, தந்தை தொடங்கிய வாக்கியங்களின் தொடர்ச்சியைத் தேடிப் பேனா பிடித்த அந்தப் பெண்ணை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ் வாசகர்களிடம் தந்தை பட்டிருந்த கடனை மகள் தீர்த்தார்.

கல்கியின் நூல்கள் பின்னர் நாட்டுடைமையாக்கப்பட்டன. பல பதிப்பகங்கள் வெளியிட்டிருப்பதால் எளிய விலையிலும் கிடைக்கின்றன. பொது நூலகங்களிலும் இருக்கின்றன. 'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பகுதிகளாகத் திரைப்படமாக வந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். படத்தில் நேரமில்லாமல் விட்டுப்போன மனிதர்கள் புத்தகத்தில் காத்திருக்கிறார்கள்.

தேர்வுகள் முடியட்டும். கோடை விடுமுறையில் 'பார்த்திபன் கன'வைக் கையில் எடுங்கள். தனியாக அறைக்குள் இருந்து படிப்பதைவிட, மாலை வேளையில் வீட்டில் எல்லோரும் இருக்கும்போது ஓர் அத்தியாயத்தை உரக்கப் படியுங்கள். அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று முதலில் கேட்பவர், கதைப் புத்தகம் எதற்கு என்று கடிந்துகொண்ட அம்மாவாகவே இருக்கலாம்.